எல்லா அறையிலும் ஒரே பாட்டு: வயர்லெஸ் ஸ்பீக்கர் எதை வாங்குவது, எப்படி அமைப்பது? (பெங்களூரு, 30×40 வீடு)

ஆர்.எம். நகர் மகள் | சனி, காலை 9:20

வணக்கம். எங்கள் வீடு ராமமூர்த்தி நகரில், 30×40 அடி சைட்டில் அப்பா கட்டியது. கீழே ஹால், பூஜை அறை, சமையலறை, அம்மாவின் அறை. முதல் மாடியில் நான், கணவர், மகன். மொட்டைமாடியில் ஒரு சின்ன அறை இருக்கிறது, அங்கேதான் என் அலுவலக வேலை.

அப்பா இருந்தவரை வீட்டில் பாட்டு ஓய்ந்ததில்லை. ஹாலில் ஓர் ஆம்ப்ளிஃபையர், கேசட் டெக், இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் சமையலறை வரை வரும். அம்மா காய் நறுக்கிக்கொண்டே கேட்பார். அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. செட்டின் மேல் துணி போர்த்தியபடி கிடக்கிறது.

அம்மாவுக்கு 71 வயது. அவருக்காக முதலில் இரண்டு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கினேன். போனை எடுத்துக்கொண்டு நான் மாடிக்குப் போனால் கீழே பாட்டு நின்றுவிடும். பிறகு ஹாலுக்கு, வாயால் சொன்னால் பாட்டுப் போடும் ஒரு குரல் ஸ்பீக்கர், மாடிக்கு வேறு கம்பெனியின் வைஃபை ஸ்பீக்கர் வாங்கினோம். இரண்டிலும் ஒரே பாட்டைப் போட்டால் படிக்கட்டில் நிற்பவருக்கு இரண்டு பேர் முன்னும் பின்னுமாகப் பாடுவது போலக் கேட்கிறது. அம்மா "இதை நிறுத்தும்மா, தலை வலிக்கிறது" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு வேண்டியது இதுதான்: பூஜை அறை, சமையலறை, ஹால், என் அறை, எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டு ஓட வேண்டும். வேண்டாத அறையில் நிறுத்தவும் முடிய வேண்டும். அம்மா போனைத் தொடாமல் போட வேண்டும். அப்பாவின் செட்டை இதில் சேர்க்க முடிந்தால் மிகவும் சந்தோஷப்படுவேன். 50,000 ரூபாய் வரை செலவு செய்ய முடியும். சுவரை உடைக்க முடியாது.

அல்சூர்க்காரன் | சனி, காலை 10:05

மேடம், எந்தக் கம்பெனி என்பதற்கு முன்னால், உங்கள் வீட்டில் ஏன் அப்படிக் கேட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது பிடிபட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

புளூடூத் என்பது ஒரு போனும் ஒரு ஸ்பீக்கரும் கைகோத்துக்கொள்ளும் ஏற்பாடு. போன் நகர்ந்தால் கை விட்டுப்போகும். வீடு முழுக்கப் பாட்டுப் போட அது சரிப்படாது. வைஃபை ஸ்பீக்கர் அப்படி இல்லை. நீங்கள் போனில் "இதைப் போடு" என்று சொன்னதும் பெரும்பாலும் ஸ்பீக்கரே இணையத்திலிருந்து பாட்டை இழுத்துக்கொள்ளும். போனை அணைத்தாலும் பாட்டு ஓடும்.

அடுத்தது எதிரொலி. ஒவ்வொரு ஸ்பீக்கருக்குள்ளும் ஒரு சின்ன கிறிஸ்டல் கடிகாரம் இருக்கிறது. சிடி தரப் பாட்டில் விநாடிக்கு 44,100 சாம்பிள் உண்டு. அவற்றை எந்த வேகத்தில் வெளியே விடுவது என்பதை அந்தக் கடிகாரம்தான் தீர்மானிக்கிறது. இரண்டு கடிகாரம் ஒருபோதும் ஒரே வேகத்தில் ஓடாது. பத்து லட்சத்துக்கு 50 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சாதாரணமாக வருவதுதான். ஒரு மணி நேரத்தில் 180 மில்லிவிநாடி தள்ளிப்போய்விடும். ஒரே நொடியில் சேர்ந்து தொடங்கினாலும் நாலாவது பாட்டில் பிசகு காதில் விழும்.

பல அறை ஸ்பீக்கர் என்று சொல்லி விற்கிறவர்கள் உண்மையில் விற்பது இந்தக் கடிகாரங்களை ஒன்றாக இழுத்துப்பிடிக்கும் வேலையைத்தான். பாட்டைச் சிறு துண்டுகளாக்கி, "இந்தத் துண்டை இந்த நேரத்துக்கு ஒலிக்க வேண்டும்" என்று முத்திரை குத்தி எல்லா ஸ்பீக்கருக்கும் அனுப்புகிறார்கள். ஸ்பீக்கர்கள் தங்களுக்குள் நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டே இருக்கின்றன. இந்தப் பேச்சுமொழி ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. சோனோஸுக்கு ஒன்று, யமஹாவின் மியூசிக்காஸ்ட்டுக்கு ஒன்று, டெனானின் ஹீயோஸுக்கு ஒன்று. ஒன்றின் மொழி மற்றதற்குப் புரியாது. கம்பெனி எல்லையைத் தாண்டிப் பேசுவதற்கு ஆப்பிளின் ஏர்பிளே 2, கூகுளின் காஸ்ட் என்று இரண்டு பொதுமொழி இருக்கிறது. நீங்கள் வாங்கிய இரண்டு ஸ்பீக்கருக்கும் பொதுமொழி ஏதும் இல்லை. அதனால்தான் அந்த முன்பின்.

இப்போது நான்கு விஷயம் சொல்லுங்கள். வீட்டில் யார் யாரிடம் என்ன போன்? இணையப் பெட்டி எங்கே இருக்கிறது, எத்தனை? அப்பாவின் ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்தில் என்னென்ன துளைகள்? கரண்ட் போனால் யூபிஎஸ் எதற்கெல்லாம் ஓடும்?

கோரமங்களா பை | சனி, காலை 11:40

அப்பாவின் செட்டைக் கண்டிப்பாகப் பயன்படுத்துங்கள் அக்கா. நான் இதைச் சொல்லத்தான் உள்ளே வந்தேன்.

மரப்பெட்டி ஸ்பீக்கரை நன்றாக வைத்துக்கொண்டால் 30 வருடம் பாடும். வைஃபை ஸ்பீக்கருக்குள் இருக்கும் மூளை அவ்வளவு நாள் தாங்காது. குரோம்காஸ்ட் ஆடியோ என்று ஒரு சின்ன வட்டப் பெட்டி 2015-இல் வந்தது. பழைய ஆம்ப்ளிஃபையரில் செருகினால் போதும், வீடு முழுக்க ஒத்து ஓடும். 2019 தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். சோனோஸ் 2020-இல் பழைய கருவிகளுக்கு ஒரு செயலி, புதியவற்றுக்கு ஒரு செயலி என்று பிரித்தது. 2022-இல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழக்கின் தீர்ப்பால், கூகுள் ஸ்பீக்கர் குழுவில் எல்லாவற்றின் சத்தத்தையும் சேர்த்துக் கூட்டிக் குறைக்கும் வசதியே கொஞ்ச காலம் போய்விட்டது. வாங்கியவர்களின் வீட்டில் ஒரு திருகாணி கூட அசையவில்லை, ஆனால் கருவி மாறிவிட்டது.

அதனால் நான் எல்லாரிடமும் சொல்வது: மூளையைத் தனியாக, வாயைத் தனியாக வாங்குங்கள். வாய் என்றால் ஸ்பீக்கர். மூளை என்றால், வைஃபையில் பாட்டை வாங்கி அதற்குக் கொடுக்கும் சின்ன ஸ்ட்ரீமர் பெட்டி. ஐந்து வருடம் கழித்துப் பெட்டி பழசானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

என் வீட்டில் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி மூன்று, ஒவ்வொன்றின் மேலும் டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் ஒரு டிஏசி பலகை. லிரியன் மியூசிக் சர்வர் என்ற இலவச மென்பொருள் ஓடுகிறது. இதன் வேர் ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற பழைய கருவி. 2006-இல் லாஜிடெக் அந்தக் கம்பெனியை வாங்கி, 2012-இல் கருவிகளை நிறுத்தியது. மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால் ஆர்வலர்கள் இன்னும் வளர்த்து வருகிறார்கள். லிரியன் என்ற பெயர் 2024-இல் வந்தது. 2008-இல் வாங்கிய ஸ்க்வீஸ்பாக்ஸும் புதிய பையும் ஒத்து ஓடுகின்றன. பையில் போடும் பைகோர்பிளேயர் என்ற மென்பொருள் முழுக்க நினைவகத்தில் ஓடுவதால் திடீரென்று கரண்ட் போனாலும் எஸ்டி கார்டு கெடாது. நம் ஊரில் இது பெரிய விஷயம்.

ஆர்.எம். நகர் மகள் | சனி, மாலை 6:15

இருவருக்கும் நன்றி. "மூளை தனி, வாய் தனி" என்று படித்ததும் எழுந்து போய் துணியை எடுத்துப் பார்த்தேன்.

ஆம்ப்ளிஃபையரின் பின்னால் சிவப்பு வெள்ளை வட்டத் துளைகள் ஐந்து ஜோடி. ஆக்ஸ், டியூனர், டேப் என்று எழுதியிருக்கிறது. போட்டுப் பார்த்தோம், ஓடுகிறது. வால்யூம் திருகும்போது கரகரக்கிறது. ஒரு ஸ்பீக்கரில் கூம்பைச் சுற்றியிருக்கும் பஞ்சு வளையம் தொட்டாலே உதிர்கிறது.

எனக்கு ஐபோன். கணவருக்கும் அம்மாவுக்கும் ஆண்ட்ராய்டு. இணையக் கம்பெனியின் பெட்டி கீழே படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. மாடியில் சிக்னல் போதவில்லை என்று கணவர் அதிலிருந்து வெளிச்சுவர் வழியாக ஒரு லேன் வயர் ஏற்றி முதல் மாடியில் இன்னொரு ரௌட்டர் வைத்தார். கீழே ஒரு வைஃபை பெயர், மேலே வேறு பெயர். ஒரு சந்தேகமும் உண்டு: நான் கீழே இருக்கும்போது மாடி ஸ்பீக்கர் செயலியில் தெரிவதே இல்லை. மேலே போனால் தெரிகிறது. இது ஏன்?

யூபிஎஸ் விளக்கு, ஃபேன், கீழ்ப் பெட்டிக்கு மட்டும்.

அல்சூர்க்காரன் | சனி, இரவு 8:30

இதுதான் மேடம். ஸ்பீக்கரில் எந்தக் கோளாறும் இல்லை. உங்கள் வீட்டில் இரண்டு வீடு இருக்கிறது.

கீழ்ப் பெட்டி ஒரு வலைப்பின்னல். மாடி ரௌட்டர் அதன் முதுகில் தனியாக இன்னொரு வலைப்பின்னலை நடத்துகிறது. போனில் வைஃபை விவரத்தைப் பாருங்கள். கீழே 192.168.1 என்று தொடங்கும் முகவரியும், மேலே 192.168.0 போல வேறு முகவரியும் இருந்தால் சந்தேகமே இல்லை. போனும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று கண்டுபிடிப்பது, தெருவில் நின்று "யார் இருக்கிறீர்கள்?" என்று கூவுவது போல. அந்தக் கூவல் ஒரு வலைப்பின்னலின் எல்லையைத் தாண்டாது. இணையம் மட்டும் இரண்டு இடத்திலும் வரும் என்பதால் தவறு கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்த ஊரில் நான் பார்த்த பல வீடுகளில் இதே கதைதான்.

மாடி ரௌட்டரின் அமைப்பில் ஆக்சஸ் பாயிண்ட் மோடு என்று இருக்கும், அதற்கு மாற்றுங்கள். தனி வலைப்பின்னலை நடத்தாமல் கீழ்ப் பெட்டியின் வலைப்பின்னலையே மாடிக்கும் நீட்டும். அப்படி ஒன்று இல்லாத பழைய ரௌட்டர் என்றால், முதலில் அதன் முகவரியைக் கீழ்ப் பெட்டியின் வரிசையில், யாரும் பயன்படுத்தாத ஓர் எண்ணாக மாற்றி, கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி-யை அணைத்துவிடுங்கள். பிறகு கீழிருந்து வரும் வயரை, இணையம் உள்ளே வரும் வேன் துளையிலிருந்து பிடுங்கி லேன் துளையில் செருகுங்கள். அப்புறம் இரண்டிலும் ஒரே வைஃபை பெயர், ஒரே கடவுச்சொல். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

இதை முடிக்காமல் ஒரு ஸ்பீக்கரும் வாங்காதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கடையில் எதைக் கேட்டாலும் பேஸ், வாட்ஸ் என்று பேசுவார்கள். வீட்டுக்கு வந்தபின் பாட்டு விட்டு விட்டு வந்தால் ஸ்பீக்கரைத்தான் திட்டுவோம். பத்தில் எட்டு முறை குற்றம் வைஃபையிலோ அதை வைத்த இடத்திலோதான் இருக்கும்.

மத்திகெரே வயரிங் | ஞாயிறு, காலை 7:50

இருபது வருடமாக வீட்டு வயரிங் வேலை பார்க்கிறேன். என் கருத்து வேறு. வயர்லெஸ் என்ற பேச்சே வேண்டாம் என்பேன். ஒரு நல்ல ஆம்ப்ளிஃபையர், அறைக்கு ஒரு ஜோடி சீலிங் ஸ்பீக்கர், பைப்புக்குள் வயர். கடிகாரம் எது, வலைப்பின்னல் எது? ஒரே ஆம்ப்ளிஃபையரிலிருந்து போவதால் முன்பின் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த இழையைப் படிப்பவர்களில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் இருந்தால் கேளுங்கள். பூச்சு வேலைக்கு முன்னாலேயே ஒவ்வொரு அறைக்கும் தனியாக ஒரு பைப் போடச் சொல்லுங்கள். அதில் ஒரு கேட்-6 (லேன் வயர்), ஒரு ஸ்பீக்கர் வயர். 230 வோல்ட் போகும் பைப்பில் இவற்றைச் சேர்த்துத் திணிக்க விடாதீர்கள். பாதுகாப்புக்கும் ஆகாது, ஸ்பீக்கரில் உம் என்ற இரைச்சலும் வரலாம். ஸ்பீக்கர் வயர் 1.5 சதுர மில்லிமீட்டர் போதும். 15 மீட்டர் தூரம் என்றால் போக வர 30 மீட்டர், தடை சுமார் 0.4 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 5 சதவீதம், பரவாயில்லை. அதற்கு மேல் தூரம் என்றால் 2.5 போடுங்கள். மேஸ்திரி "இப்போது எல்லாம் வைஃபை சார், பைப் எதற்கு" என்பார். கேட்காதீர்கள். பூசியபின் சுவரை வெட்டுவதற்கு ஆகும் செலவில் பத்து பைப் போடலாம்.

மகளே, உங்கள் வீடு பழைய வீடு. அப்படியானால் சுவரில் பழைய டெலிபோன் பைப்பும் கேபிள் டிவி பைப்பும் இருக்கும். அந்த வயர்கள் இன்று யாருக்கும் உதவாது. பழைய வயரின் முனையில் புது கேட்-6-ஐக் கட்டி மறுமுனையில் மெதுவாக இழுத்தால் புதியது உள்ளே போய்விடும். நைலான் கயிறு ஒன்றையும் கூடவே விட்டுவையுங்கள், அடுத்த முறை உதவும். சுவரை உடைக்காமலே ஹாலுக்கு லேன் வந்துவிடும்.

மாரத்தஹள்ளி வாடகை | ஞாயிறு, காலை 9:30

அண்ணன் சொல்வது சொந்த வீட்டுக்கு. எங்களைப் போல வாடகைக்கு இருப்பவர்கள் ஆணி அடிக்கவே ஓனரிடம் கேட்க வேண்டும். மூன்று வருடத்தில் இரண்டு வீடு மாறினோம். எங்களுக்கு வயர்லெஸ்தான் வழி.

அமேசானின் எக்கோ என்ற குரல் ஸ்பீக்கர் மூன்று வைத்து அலெக்சா செயலியில் ஒரு குழு செய்திருக்கிறோம். அமைக்கப் பத்து நிமிடம். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்து வாங்குங்கள். போனிலிருந்து புளூடூத்தில் அனுப்பும் பாட்டு குழு முழுவதற்கும் போகாது, இணைத்த ஒரு ஸ்பீக்கரில் மட்டும் ஒலிக்கும். என் மாமியார் பத்து வருடமாகப் போனில் சேர்த்துவைத்த பக்திப் பாடல் கோப்புகள் எல்லாம் குழுவில் போட முடியாமல் போயிற்று. இரண்டாவது, ஐந்தாம் தலைமுறை எக்கோ டாட்டில் 3.5 மில்லிமீட்டர் ஆடியோ துளை இல்லை. பழைய செட்டோடு வயரில் சேர்க்கலாம் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

மல்லேஸ்வரம் அக்கா | ஞாயிறு, பகல் 12:10

எல்லாரும் கருவியைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் அம்மாவைப் பற்றிப் பேசுகிறேன்.

என் மாமியாருக்கு 78. மகன் ஆசையாக ஒரு பெரிய வைஃபை செட் வாங்கி வைத்தான். அதைப் போட வேண்டுமென்றால் போனைத் திறக்க வேண்டும், செயலியைத் தேட வேண்டும், அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு பாட்டு. ஈரக் கையோடு அடுப்படியில் நிற்கும் ஒருவர் இதைச் செய்ய மாட்டார். குரலில் சொல்லலாமே என்றார்கள். மாமியார் பேசும் தமிழில் பாதி கன்னடம், ராகத்தின் பெயர் சொன்னால் அது வேறு எதையோ போடுகிறது. இரண்டு முறை முயன்றார், மூன்றாம் முறை பழைய டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு எண் பொத்தான் உள்ள ரிமோட் ஒன்றை வாங்கினோம். 1 அழுத்தினால் சாஸ்திரிய சங்கீத வானொலி. 2 அழுத்தினால் தமிழ் வானொலி. 3 அழுத்தினால் அவர் விரும்பும் பக்திப் பாடல் வரிசை. பெரிய எழுத்தில் ஒட்டியும் வைத்தேன். இப்போது காலை ஐந்தரைக்கே வீட்டில் வீணை கேட்கிறது. பேரன் போனில் எதையும் மாற்றினால் திட்டு விழும்.

மகளே, நீ எதை வாங்கினாலும் கடையில் கேட்க வேண்டியது மூன்று. போன் இல்லாமல் போட முடியுமா? கரண்ட் போய் வந்தபின் தானாக வைஃபையைப் பிடிக்குமா? ஒவ்வொரு அறையின் சத்தத்தையும் கையாலேயே குறைக்க முடியுமா? அம்மாவுக்குத் தலைவலி வந்தால் உன்னை மாடியிலிருந்து கூப்பிடாமல் அவரே குறைக்க வேண்டும்.

சமையலறை ஸ்பீக்கரை அடுப்புக்கு மேலும் சிங்க்கின் பக்கத்திலும் வைக்காதே. தாளிக்கிற எண்ணெய்ப் புகை வலையில் படிந்து ஒரு வருடத்தில் பிசுபிசுக்கும். பூஜை அறையில் தனி ஸ்பீக்கர் தேவையா என்றும் யோசி. எங்கள் வீட்டில் சமையலறைக்கும் பூஜை அறைக்கும் நடுவில் உள்ள அலமாரியில் ஒன்றே ஒன்று வைத்தோம், இரண்டுக்கும் போதும். மொட்டைமாடிக் கதவைத் திறந்து வைத்துப் பாட்டுப் போடும் பழக்கம் இருந்தால், இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் வரம்பு என்பதையும் நினைவில் வை. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும்.

கோரமங்களா பை | ஞாயிறு, பிற்பகல் 3:00

மல்லேஸ்வரம் அக்கா சொன்னதைப் படித்தபின் என் ஆலோசனையை மாற்றிக்கொள்கிறேன். ராஸ்பெரி பை எனக்குச் சரி, ஏதாவது நின்றால் நான் பார்த்துக்கொள்வேன். 71 வயது அம்மா தனியாக இருக்கும் பகல் நேரத்தில் அது நின்றால் யார் பார்ப்பது? கடையில் கிடைக்கும் ஸ்ட்ரீமர் பெட்டியே வாங்குங்கள்.

அப்பாவின் செட்டுக்கு வீம் புரோ என்ற ஸ்ட்ரீமர் பெட்டி பொருந்தும். லேன் துளை உண்டு, ஏர்பிளே 2 உண்டு, கூகுள் காஸ்ட் உண்டு, எண் பொத்தான் ரிமோட் சேர்த்துக்கொள்ளலாம். முக்கியமாக அதில் ஆடியோ உள்ளே வரும் துளையும் இருக்கிறது. கேசட் டெக்கின் வெளியேறும் வயரை அதில் செருகினால் அப்பாவின் கேசட்டை எல்லா அறைக்கும் அனுப்பலாம். டெக்கிலிருந்து பெட்டிக்கு, பெட்டியிலிருந்து ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் துளைக்கு என்ற வரிசையில் கொடுங்கள். ஆம்ப்ளிஃபையரின் டேப் அவுட் துளையிலிருந்து பெட்டிக்குக் கொடுத்தால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடும்.

மற்ற அறைகளுக்கு அதே குடும்பத்தின் வீம் மினியும், ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் சின்ன ஸ்பீக்கரும் போதும். மினியில் காஸ்ட் இல்லை, லேன் துளையும் இல்லை. அவர்களின் சொந்தச் செயலியில் குழு சேர்ப்பதால் உங்களுக்கு அது குறையாகத் தெரியாது. அதே கம்பெனியின் அல்ட்ரா என்ற விலை கூடிய பெட்டியில் ஏர்பிளே கிடையாது. விலை கூடினால் எல்லாம் இருக்கும் என்று நினைத்து ஐபோன் வைத்திருப்பவர்கள் அதை வாங்கிவிட வேண்டாம்.

உதிரும் பஞ்சு வளையத்தை மாற்றலாம். கூம்பும் அதை ஆட்டும் கம்பிச்சுருளான காயிலும் நன்றாக இருந்தால் ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் விசாரியுங்கள், கூம்பின் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள். உதிர்ந்த ஸ்பீக்கரை அதுவரை சத்தமாக ஓட்டாதீர்கள், காயில் உரசும். வால்யூம் கரகரப்புக்கு கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே. செட்டின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடித்து, திருகை இருபது முறை இருபுறமும் திருப்புங்கள்.

அல்சூர்க்காரன் | ஞாயிறு, இரவு 9:00

வாங்கப்போகும் வாரம் வைஃபையில் செய்ய வேண்டியவற்றை எழுதிவிடுகிறேன்.

படிக்கட்டுக்கு அடியிலிருக்கும் பெட்டியைக் கொஞ்சமாவது வெளியே கொண்டுவாருங்கள். ஆர்.சி.சி. கூரைக்குள் இரும்புக் கம்பி வலை இருக்கிறது, மாடிக்குச் சிக்னல் ஏறத் திணறும். நல்லவேளை, உங்கள் கணவர் வயர் ஏற்றியிருக்கிறார். வயர் இல்லாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சிக்னலைக் கடத்தும் மெஷ் பெட்டிகளை விட அது எவ்வளவோ மேல்.

வைஃபைக்கு இரண்டு அலைவரிசை உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் தேய்ந்துபோகும். 2.4 மெதுவானது, ஆனால் ஊடுருவும். பாட்டுக்கு வேகம் தேவையே இல்லை. சுருக்காத சிடி தரம் என்றாலும் விநாடிக்கு 1.4 மெகாபிட்தான். உங்களுக்கு வேண்டியது தடையில்லாத சிக்னல். அதனால் தூரத்து ஸ்பீக்கரை 2.4-இல் விடத் தயங்க வேண்டாம். அதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல் 1, 6, 11 மூன்றுதான். அக்கம்பக்கத்து வீடுகள் எதில் கூட்டமாக இருக்கின்றன என்று இலவசச் செயலியில் பார்த்து, கீழ்ப் பெட்டிக்கு ஒன்று, மாடிக்கு வேறொன்று கொடுங்கள். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். தானாகத் தேர்ந்தெடு என்பதை அணையுங்கள். நடுப்பாட்டில் சேனல் தாவினால் ஸ்பீக்கர்கள் சிதறும்.

கருவிகள் ஒன்றையொன்று பார்க்க விடாமல் தடுக்கும் ஏபி ஐசொலேஷன் என்று ஒன்று இருந்தால் அது அணைந்திருக்க வேண்டும். விருந்தினர் வைஃபையில் ஸ்பீக்கரைச் சேர்க்காதீர்கள். பெட்டியில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் நிரந்தர முகவரி ஒதுக்கிவிடுங்கள், கரண்ட் போய் வந்தபின் குழப்பம் வராது. மாடி ரௌட்டருக்கு 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள்.

ஆர்.எம். நகர் மகள் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 8:10

முடிந்துவிட்டது. முடிந்தது என்றால் பாதிக்கு மேல். எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

முதல் வாரம் ஒரு பொருளும் வாங்கவில்லை. கணவர் மாடி ரௌட்டரை ஆக்சஸ் பாயிண்டாக மாற்றினார். கீழிருந்தே மாடி ஸ்பீக்கர் செயலியில் தெரிந்தது. இத்தனை மாதம் அந்த ஸ்பீக்கரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். பழைய டெலிபோன் பைப்பில் லேன் இழுக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். முதல் முறை பாதியில் சிக்கி வயர் அறுந்தது. மறுபக்கத்திலிருந்து இழுத்ததும் வந்துவிட்டது. மத்திகெரே அண்ணா, நைலான் கயிறும் உள்ளே இருக்கிறது.

எஸ்.பி. ரோட்டில் இரண்டு கடை ஏறி இறங்கி, மூன்றாவது கடையில் இரண்டு ஸ்பீக்கருக்கும் வளையம் மாற்றித் தந்தார்கள். எட்டு அங்குலம். ஒன்றுக்கு மட்டும் மாற்றினால் இரண்டின் ஒலியும் வேறுபடும் என்று அந்தப் பெரியவரே சொன்னார்.

ஹாலில் அப்பாவின் செட்டுக்கு வீம் புரோ, லேன் வயரில். சமையலறைக்கும் பூஜை அறைக்கும் நடுவிலுள்ள அலமாரியில் ஒரு மினியும் சின்ன ஸ்பீக்கரும். என் மாடி அறையில் இன்னொன்று. முதல் கடையில் வாங்கிய ஒரு சின்ன ஸ்பீக்கர், பாட்டு இல்லாத போதும் உஸ்ஸென்று இரைந்தது. திருப்பிக் கொடுக்க இரண்டு நடை ஆயிற்று. ரிமோட்டில் அம்மாவுக்கு மூன்று பொத்தான், மூன்றாவதில் நாகஸ்வரம்.

நேற்று கேசட் டெக்கைச் சேர்த்தோம். அப்பாவின் கையெழுத்தில் "தைப்பூசம்" என்று எழுதிய ஒரு கேசட். அல்சூர்க் கோயிலில் யாரோ வாசித்ததை அப்பா பதிவு செய்தது, நடுவில் அவர் இருமுவதும் கேட்கிறது. மாடி அறையில் உட்கார்ந்து கேட்டேன். கீழே அம்மாவும் அதே இருமலை அதே நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது மீதிச் சிக்கல். அறைக்குள் நின்றால் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் படிக்கட்டின் மேல்முனையில், என் அறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றால் ஹால் பாட்டு ஒரு துளி பின்னால் வருவது போல இருக்கிறது. முன்பு இருந்த அளவுக்கு இல்லை. இன்னும் கடிகாரம் ஒத்துவரவில்லையா?

அல்சூர்க்காரன் | ஞாயிறு, காலை 10:45

அப்பாவின் கேசட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேசட்டை உடனே கணினியில் பதிந்து இரண்டு இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு முறை ஓடும்போதும் நாடா தேயும். இதை இந்த வாரமே செய்யுங்கள்.

படிக்கட்டு விஷயத்தில் கடிகாரம் ஒத்துத்தான் இருக்கிறது. இது காற்றின் வேலை. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஹால் ஸ்பீக்கரிலிருந்து படிக்கட்டுச் சந்து வழியாக உங்கள் கதவுவரை 12 மீட்டர் என்று வையுங்கள், வந்து சேர 35 மில்லிவிநாடி ஆகும். பக்கத்திலிருக்கும் ஸ்பீக்கரின் ஒலி உடனே காதுக்கு வந்துவிடுகிறது. 30 மில்லிவிநாடிக்குள் வருவதைக் காது பெரும்பாலும் ஒரே ஒலியாகச் சேர்த்துக்கொள்ளும், அதைத் தாண்டினால் பிரிக்கத் தொடங்கும். உலகத்தில் எந்தக் கம்பெனியாலும் இதை எல்லா இடத்திலும் சரிசெய்ய முடியாது. மாடி ஸ்பீக்கருக்குத் தாமதம் கொடுத்தால் கதவருகே சரியாகும், கீழே நிற்பவருக்கு இரட்டிப்பாகக் கெடும்.

ஹால் ஸ்பீக்கர்கள் படிக்கட்டைப் பார்த்து இருக்கின்றனவா? அறையின் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். படிக்கட்டுச் சுவரில் ஒரு தடித்த திரையோ துணியோ தொங்கவிட்டால் எதிரொலியும் குறையும், டைல்ஸ் தரை வீட்டில் இது நன்றாகவே உதவும்.

ஆர்.எம். நகர் மகள் | ஞாயிறு, மாலை 5:30

ஆமாம், இரண்டும் படிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. சோபாப் பக்கம் திருப்பினோம். கதவருகே அந்த இரட்டைக் குரல் ஏறக்குறையப் போய்விட்டது. சமையலறைக்கு முன்பு போலக் கேட்காது, அங்கேதான் இப்போது தனி ஸ்பீக்கர் இருக்கிறதே.

கேசட்டைப் பதிவது பற்றி: டெக்கிலிருந்து மடிக்கணினிக்கு நேராக வயர் கொடுக்கலாமா?

கோரமங்களா பை | ஞாயிறு, மாலை 6:05

நிறைய மடிக்கணினிகளில் இருப்பது மைக் துளை, டெக்கின் ஒலி அதற்கு அதிகம், சிதையும். யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வேண்டும், என்னிடம் சும்மாதான் இருக்கிறது. கோரமங்களா பக்கம் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா. பதிவதற்கு முன் டெக்கின் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ஆடாசிட்டி மென்பொருளில் 44.1 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பாகச் சேமியுங்கள். எம்பி3 பிறகு செய்துகொள்ளலாம். பதிந்ததும் கேசட்டின் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தடுப்பையும் உடைத்துவிடுங்கள், தவறிக்கூட யாரும் அதன்மேல் பதிய முடியாது.

ஆர்.எம். நகர் மகள் | ஞாயிறு, மாலை 6:20

தடுப்பு இரண்டும் ஏற்கெனவே உடைத்துத்தான் இருக்கிறது. அப்பா செய்திருக்கிறார். புதன்கிழமை வருகிறேன் தம்பி.